இடுப்பு உயரத்தில் ஒரு தோட்ட ரயில்: தூண் நடுவது முதல் வண்டி ஓடுவது வரை

தோட்ட ரயில் ஆசை வந்தவர்கள் முதலில் போய் நிற்பது இஞ்சின் கடையில். அதில் தப்பில்லை, ஆசை பிறப்பதே அங்கேதான். ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் வரிசை தலைகீழ். முதலில் தூண், அடுத்து சட்டம், அப்புறம் தண்டவாளம், எல்லாம் மட்டமாக நின்ற பிறகுதான் இஞ்சின். பாதி கொத்தனார் வேலை, கால்வாசி வெல்டர் வேலை. பொம்மை ரயில் வேலை என்று சொல்லத்தக்கது மிச்சமிருக்கும் கால்வாசிதான்.

தரையிலேயே பாதை போட்டால் செலவு குறையும், உண்மை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மண் தெறித்துத் தண்டவாளத்தில் படியும். சருகு வந்து குவியும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே புல் முளைக்கும். கவிழ்ந்த பெட்டியைத் தூக்கிவைக்க ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டும், வயது ஏற ஏற அதுவே ஆசையைக் கொன்றுவிடும். பாதையை 75 முதல் 90 செ.மீ. வரை உயர்த்திவிட்டால் நின்றபடியே எல்லா வேலையும் நடக்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ரயில் கிட்டத்தட்டக் கண் மட்டத்தில் போகும். சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஓட்ட வேண்டுமென்றால் ஒரு பக்கமாவது தளத்துக்கு அடியில் 70 செ.மீ. காலியாக விடுங்கள்.

உயர்த்துவதால் வரும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். 80 செ.மீ. உயரத்திலிருந்து கீழே விழுந்த இஞ்சின் பெரும்பாலும் சும்மா தப்பிப்பதில்லை. தொட்டி மண் சீக்கிரம் காயும். அடித்தளத்தில் 3 மி.மீ. பிசகினால்கூட அது பாதையில் தெரியும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான்.

1. கேஜும் அளவும்

கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம். தோட்டத்தில் பரவலாக ஓடுவது இரண்டு கேஜ்: 45 மி.மீ., 32 மி.மீ. இதில் 45 மி.மீ. பாதையைத் தோட்டத்துக்கென்றே பிரபலமாக்கியது ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலிருந்த லேமன் நிறுவனம். 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் வெயிலிலும் மழையிலும் கிடக்கக்கூடிய பித்தளைத் தண்டவாளத்தோடு அது சந்தைக்கு வந்தது. மாதிரிகளின் அளவு 1:22.5, அதாவது நிஜ வண்டியில் 22.5-இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜின் 1000 மி.மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வே போன்ற மீட்டர் கேஜ் பாதைகளுக்கு இது கச்சிதமான பொருத்தம்.

குழப்பம் இதற்கப்புறம்தான். அதே 45 மி.மீ. தண்டவாளத்தில் 1:32, 1:29, 1:20.3 அளவு வண்டிகளும் ஓடும். 1:32 என்பது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கும், 1:20.3 என்பது மூன்றடி கேஜுக்கும் கணக்குப்படி சரியாக வரும். 1:29 கணக்கில் உதைக்கும், ஆனால் வண்டி பெரிதாகக் கம்பீரமாகத் தெரியும். இவை எல்லாவற்றையும் பொதுவாக ஜி ஸ்கேல் என்றே சொல்லி விற்பார்கள். சக்கரம் ஒரே பாதையில் போகும் என்பதை நம்பி வாங்கிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். 1.7 மீட்டர் உயர ஆள் 1:22.5-இல் 76 மி.மீ., 1:32-இல் 53 மி.மீ. ஒரே பிளாட்பாரத்தில் இருவரும் நிற்க முடியாது. ஓர் அளவை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள்.

32 மி.மீ. பாதை இரண்டடி கேஜ் சிறு ரயில்களுக்கானது, அளவு 1:19. நிஜ நீராவியில் ஓடும் இஞ்சின்கள் மேல் ஆசை இருப்பவர்கள் பலர் இந்தப் பக்கம்தான் போகிறார்கள். நான் கீழே கொடுக்கும் அளவுகள் 45 மி.மீ. பாதைக்கு. 32-க்கும் அடித்தள வேலை அதேதான்.

2. வளைவு முடிவானால் வரைபடம் முடிந்தது

தொடக்கப் பெட்டிகளில் வரும் எல்ஜிபி வளைவின் ஆரம் 600 மி.மீ. பன்னிரண்டு துண்டு சேர்ந்தால் முழு வட்டம். சின்ன இரண்டு அச்சு வண்டிகள் அதில் சுற்றும். இரு முனையிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதி (போகி) உள்ள நீளமான பெட்டியை விட்டால் நடுப்பகுதி உள்பக்கம் துருத்தும், முனை வெளியே தள்ளும், கொக்கிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுக்கும். ஓடும், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது, சக்கர விளிம்பும் தேயும். இடம் இருந்தால் 1.2 மீட்டர் ஆரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். இடம் இல்லையென்றால் வளைவை இறுக்குவதைவிட நீளப் பெட்டிகளைக் கைவிடுவது நல்லது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1.2 மீட்டர் ஆரத்தில் இரண்டு அரைவட்டம், நடுவில் இரு பக்கமும் 3 மீட்டர் நேர்ப்பாதை. பாதையின் நீளம் சுமார் 13.5 மீட்டர். இரு பக்கமும் 15 செ.மீ. ஓரம் விட்டால் 5.7 மீட்டருக்கு 2.7 மீட்டர் இடம் வேண்டும். 1:22.5 அளவில் அந்த 13.5 மீட்டர் நிஜத்தில் 300 மீட்டர் பாதைக்குச் சமம். முதல் அமைப்புக்கு இது தாராளம்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது கையெட்டும் தூரம். நின்ற இடத்திலிருந்து சிரமமில்லாமல் எட்டுவது 60, மிஞ்சிப்போனால் 70 செ.மீ. 2.7 மீட்டர் அகலத் தளத்தை முழுவதும் மூடிவிட்டால் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் யாருக்கும் எட்டாது. அங்கே முளைக்கும் களையை யார் பிடுங்குவது? ஆகவே நடுவைத் திறந்த வெளியாக விட்டு, சுற்றிலும் 40 முதல் 60 செ.மீ. அகலத்தில் வளையமாகத் தளம் போடுங்கள். உள்ளே போகக் குனிந்து நுழையும் வழி வைத்தால் ஒரு மாதத்தில் முதுகு சொல்லிவிடும். கதவு போலத் திறக்கும் ஒரு துண்டு வேண்டும். அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

ஏற்ற இறக்கம் வைக்க ஆசை எல்லோருக்கும் உண்டு. ஒரு பாதை இன்னொன்றுக்கு மேலே போக, வண்டியின் உயரமும் பாலத்தின் தடிமனும் சேர்த்துக் கிட்டத்தட்ட 25 செ.மீ. உயர வேண்டும். நூற்றுக்கு 2 என்ற ஏற்றத்தில் இதற்கு 12.5 மீட்டர் ஓடணும், இறங்க இன்னொரு 12.5 மீட்டர். மேலே சொன்ன 13.5 மீட்டர் சுற்றில் இது நடக்கவே நடக்காது. நூற்றுக்கு 3 வரை மின்சார இஞ்சின்கள் இழுக்கும், ஆனால் வளைவும் ஏற்றமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பெட்டிகளைக் குறைக்க வேண்டியிருக்கும். ரேடியோ கட்டுப்பாடு இல்லாத நீராவி இஞ்சினுக்கு ஏற்றமே ஆகாது. ஏறும்போது திணறும், இறங்கும்போது பறக்கும். என் கட்சி இது: பாதை முழுக்க மட்டமாக இருக்கட்டும், மேடு பள்ளத்தைச் சுற்றியுள்ள நிலக்காட்சி காட்டட்டும். ரயில் மட்டமாகப் போக, பக்கத்தில் மண் இறங்கினால் அது பாலம், மண் ஏறினால் அது மலை வெட்டு. கண்ணுக்கு ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும்.

எஸ் வடிவில் வளைவுகள் எதிரெதிராக வந்தால் நடுவில் உங்கள் மிக நீளமான பெட்டியின் நீளத்துக்காவது நேர்ப்பாதை விடுங்கள். வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்டுகளை வளைவின் நடுவில் வைக்காதீர்கள். நேர்ப்பகுதியில், அதுவும் கையெட்டும் ஓரத்தில் வையுங்கள். சுரங்கம் வேண்டுமானால் உள்ளே கைவிட்டு வண்டியை எடுக்க ஒரு பக்கம் திறப்பு இருக்க வேண்டும், அல்லது மேல்மூடி கழன்று வர வேண்டும். வண்டி சரியாகச் சுரங்கத்துக்குள்ளேதான் நிற்கும்.

காகிதத்தில் வரைந்ததை அப்படியே தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு முளை, அதில் 1.2 மீட்டர் கயிறு, முனையில் தூள். இரண்டு நாள் அப்படியே விட்டு, எங்கே நிழல் விழுகிறது, எந்த மரத்தின் இலையும் பிசினும் கொட்டுகிறது, நடமாட்டத்துக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். குழி தோண்டும் முன் தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் போகும் தடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. சுவரா, தூணா

உயர்த்த இரண்டு வழி. ஒன்று, சுற்றிலும் தடுப்புச் சுவர் கட்டி நடுவில் மண் நிரப்புவது. பார்க்க இதுதான் அழகு, செடிகளுக்கும் இதுதான் சுகம். ஆனால் ஈர மண்ணின் எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் 1.6 முதல் 2 டன் வரை இருக்கும். 80 செ.மீ. உயரச் சுவர் என்றால் அது ஈர மண் தள்ளும் தள்ளலைத் தாங்க வேண்டும். ஒழுங்கான அஸ்திவாரம், சுவருக்குப் பின்னால் ஜல்லி அடுக்கு, அடியில் மீட்டருக்கு ஒரு வடிகால் துளை, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் நடுவில் வடிதுணி. இதோடு இன்னொன்று: நிரப்பிய மண் ஒரு மழைக்காலம் முழுக்க அமரும். அதற்கு முன் மேலே பாதை போட்டால் அலை அலையாக இறங்கும். சுவர் கட்டினாலும், பாதை நிற்கும் இடத்தில் மட்டும் அஸ்திவாரம் வரை இறங்கும் தனித் தூண்கள் கொடுங்கள். மண் அமரட்டும், பாதை அசையாது.

இரண்டாவது, தூண் நட்டு மேலே தளம். வேகமாக முடியும், தண்ணீர் நிற்காது, வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம், பின்னால் நீட்டலாம். நான் சொல்வது இதைத்தான். செடிகளுக்கு ஆங்காங்கே தொட்டிகளைத் தளத்தோடு சேர்த்துத் தொங்கவிடலாம், அல்லது தரையிலிருந்தே தனிக் கட்டு எழுப்பலாம். தளத்தின் மேலேயே 20 செ.மீ. மண் போட நினைத்தால் சதுர மீட்டருக்கு 350 கிலோ ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். ரயில், தண்டவாளம், ஜல்லி எல்லாம் சேர்ந்தாலும் அதில் கால்வாசிகூட வராது.

4. தூண் நடுவது

50 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தகடு, துத்தநாகப் பூச்சோடு கிடைத்தால் நல்லது. மரம் என்றால் மருந்து ஏற்றிய மரம், அதையும் மண்ணில் புதைக்காமல் கான்கிரீட்டில் பதித்த இரும்புக் காலணியில் நிறுத்துங்கள். கரையானுக்கும் ஈரத்துக்கும் மரம் மண்ணைத் தொடும் இடம்தான் வாசல்.

இடைவெளி 1.2 மீட்டர். வளைவில் 1 மீட்டர். குழி 30 செ.மீ. சதுரம், ஆழம் 50 முதல் 60 செ.மீ. நிலம் உறையும் குளிர்நாடுகளில் உறைநிலை ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் தூண் மேலே எழும்பும். அடியில் 10 செ.மீ. ஜல்லி போட்டுத் திமிசு கொடுங்கள். தூணை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து இரண்டு முகத்திலும் செங்குத்துப் பார்த்து, கான்கிரீட் போடுங்கள். மேல்பரப்பைத் தரைக்கு 5 செ.மீ. மேலே கொண்டுவந்து, தூணிலிருந்து வெளியே வாட்டம் கொடுத்து முடியுங்கள். தண்ணீர் தூணைச் சுற்றித் தேங்கினால் சரியாக அந்த இடத்தில்தான் துரு தொடங்கும். குழாயின் மேல்வாயை மூடி வெல்ட் செய்யாவிட்டால் மழைநீர் உள்ளே நிரம்பும்.

இப்போது முக்கியமான விஷயம். தூண்களை எல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து நடாதீர்கள். 10 செ.மீ. கூடுதலாக விட்டு நடுங்கள். ஒரு வாரம் கான்கிரீட் இறுகிய பிறகு டியூப் லெவல் எடுங்கள். தெளிவான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர், உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. ஒரு முனையை முதல் தூணோடு சேர்த்துப் பிடித்து நீங்கள் விரும்பிய உயரத்தில் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். மறுமுனையை ஒவ்வொரு தூணாகக் கொண்டுபோய்த் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். எப்போதும் முதல் தூணிலிருந்தே அளக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு என்று போனால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சேர்ந்து, சுற்றி வரும்போது கடைசித் தூணும் முதல் தூணும் சந்திக்காது. கோடு போட்ட பிறகு வெட்டுங்கள். லேசர் லெவல் இருந்தால் நல்லதுதான், ஆனால் பகல் வெயிலில் அதன் கோடு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பேட்டரியும் வேண்டாம்.

5. சட்டமும் தளமும்

தூண் தலையில் குறுக்குக் கை, அதன் மேல் நீளவாக்கில் இரண்டு சட்டம், அதன் மேல் தளம். குறுக்குக் கையைத் தூணோடு வெல்ட் செய்யாமல் போல்ட் போட்டு, துளையை மேலும் கீழும் 10 மி.மீ. நீளமாக்கி வையுங்கள். பின்னால் ஒரு தூண் இறங்கினால் போல்டைத் தளர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு நீளத் துளை பிற்காலத்தில் எத்தனையோ எரிச்சலை மிச்சப்படுத்தும்.

தளத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. தண்டவாளத்துக்கு மட்டம் வேண்டும், தண்ணீருக்கு வாட்டம் வேண்டும். மொட்டை மாடி போல ஒரு பக்கம் சாய்த்தால் வண்டியும் சாயும். ஆகவே தளத்தைச் சாய்க்காமல் தண்ணீரைக் கீழே இறக்கிவிட வேண்டும். பலகைகள் என்றால் ஒன்றுக்கொன்று 6 முதல் 8 மி.மீ. இடைவெளி. 18 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் தகடு என்றால் 30 செ.மீட்டருக்கு ஒரு 12 மி.மீ. துளை. சாதாரண பிளைவுட் வேண்டவே வேண்டாம். எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் ஓரத்தில் தண்ணீர் குடித்து உப்பும், அதன் மேலிருக்கும் பாதையும் சேர்ந்து எழும்பும்.

தளத்தின் வெளியோரத்தில் 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு விளிம்பு கட்டாயம். தடம் புரண்ட வண்டி அதில் சாய்ந்து நிற்கும். பாதையின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு குறைந்தது 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும், வளைவில் இன்னும் கொஞ்சம். இரட்டைப் பாதை போட்டால் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 17 முதல் 20 செ.மீ.

வளைவில் இன்னொரு நல்ல முறை, ஏணிச் சட்டம். 12 மி.மீ. தடிமன், 50 மி.மீ. உயரமுள்ள இரண்டு நீளமான பிளாஸ்டிக் பட்டைகளை நிறுத்திவைத்து, இடையில் 25 செ.மீட்டருக்கு ஒரு கட்டை வைத்துத் திருகினால் ஏணி போல ஒரு வடிவம் வரும். திருகும்போதே வளைத்தால் பட்டை தன் இயல்பில் ஒரே சீரான வளைவை எடுக்கும். கோணல், முழங்கை மாதிரித் திருப்பம் எதுவும் வராது. அதன் மேல் ஸ்லீப்பர் உட்காரும், தண்ணீர் இடையில் கொட்டிவிடும். ஜல்லி போட்ட தோற்றம் கிடைக்காது என்பதுதான் குறை; நடுவில் வலை அடித்து ஜல்லி நிரப்பினால் அதுவும் ஓரளவு சரி.

திறக்கும் துண்டு: 70 செ.மீ. அகலம் போதும். கீல் போட்டு மேலே தூக்குவதானால் கீலின் அச்சு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கோ அதற்கும் மேலேயோ இருக்க வேண்டும். கீழே வைத்தால் தூக்கும்போது இரண்டு தண்டவாள முனைகளும் ஒன்றோடொன்று முட்டும், திறக்கவே முடியாது. மறுமுனையில் இரண்டு எஃகு ஊசிகள் எதிர்ப்பக்கத் துளைகளில் இறங்கி உட்காரட்டும், அப்போதுதான் பக்கவாட்டில் பிசகாது. அப்புறம் பாதுகாப்பு. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுவதென்றால், துண்டு திறந்தவுடன் இரு பக்கமும் ஒரு மீட்டர் தூரத்துக்கு மின்சாரம் துண்டிக்கும் சுவிட்ச் வையுங்கள். பேட்டரி வண்டிக்கும் நீராவி வண்டிக்கும் அது பயன்படாது. அவற்றுக்குத் துண்டைத் தூக்கினால் பாதையின் குறுக்கே தானாக எழும் ஒரு தடுப்புக் கட்டைதான் வழி.

6. தண்டவாளம்

பித்தளை எளிதில் வளையும், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பச்சை ஏறினால் தேய்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகைத் தேய்க்கும் வேலை குறைவு, விலை அதிகம், வளைப்பது கடினம். அலுமினியம் மலிவு, பேட்டரிக்கும் நீராவிக்கும் போதும், மின்சாரப் பாதைக்கு அவ்வளவாக ஒத்துவராது. வெளியில் பரவலாகப் போடுவது 332 என்ற எண்ணுள்ள தண்டவாளம். உயரம் 0.332 அங்குலம், அதாவது 8.4 மி.மீ. தெரியாமல் மிதித்தாலும் தாங்கும். 250 பார்க்க இன்னும் நிஜமாக இருக்கும். உயர்த்திய தளத்தில் யாரும் மிதிக்கப் போவதில்லை என்பதால் அதையும் தைரியமாக யோசிக்கலாம்.

வெயிலில் உலோகம் நீளும். பித்தளை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். சின்ன எண்தான். ஆனால் 10 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் 7.6 மி.மீ. நீளும். அந்த நீளம் எங்காவது போயாக வேண்டும். இடம் இல்லையென்றால் பாதை பக்கவாட்டில் நெளியும் அல்லது தளத்திலிருந்து எழும்பும். 1.5 மீட்டர் துண்டுக்கு இது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே குளிர்ந்த காலையில் பாதை போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஒரு பழைய ஏடிஎம் அட்டை அதைவிடக் கொஞ்சம் மெலிது, சுமார் 0.8 மி.மீ., அதைச் செருகினால் சற்றே தளர்வாக நிற்கும்படி அளந்துகொள்ளலாம். உச்சி வெயிலில் போட்டால் ஒட்டி வைத்தாலும் குற்றமில்லை. இணைப்புகளை எல்லாம் கிளாம்ப் போட்டு இறுக்குபவர்கள், நேர்ப்பகுதியில் ஓரிரு இடத்தையாவது வழுக்கும் இணைப்பாக விட்டு, அதைத் தாண்டி மின்சாரத்துக்குத் தளர்வான கம்பி கொடுக்க வேண்டும். வளைவு கொஞ்சம் இரக்கமுள்ளது. வெளிப்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் நகர இடம் கொடுத்தால் விரிவைத் தானே விழுங்கிக்கொள்ளும்.

அதனால்தான் பாதையைத் தளத்தோடு இறுக்கித் திருகக் கூடாது. ஒரு மீட்டருக்கு ஒரு திருகு, ஸ்லீப்பரில் துளை திருகைவிடப் பெரிதாக, திருகின் தலைக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சந்து. பாதை ஓடிப்போகவும் கூடாது, கட்டிப்போட்ட மாதிரியும் இருக்கக் கூடாது. திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

வளைவுக்குத் தண்டவாளத்தைக் கையால் மடக்காதீர்கள். இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் வளைக்கும் உருளைக் கருவி இருக்கிறது, ஒரு தடவைக்கு வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை ஓட்டி வளையுங்கள். வளைத்த பிறகு உள் தண்டவாளம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை வெட்டி அரம் போட்டு, உள்விளிம்பில் பிசிறு இல்லாமல் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் தட்டுவது சக்கரத்திலும் தட்டும்.

ஜல்லிக்கு 3 முதல் 6 மி.மீ. உடைகல், கொஞ்சம் கிரஷர் தூளோடு. உருண்டைக் கூழாங்கல் அழகுக்கு மட்டும்; உடைகல்லின் முனைகள் ஒன்றோடொன்று கவ்வும், உருண்டைகள் கவ்வாது. தளத்தில் வடிதுணி விரித்து, 2 செ.மீ. ஜல்லி பரப்பி, பாதையை வைத்து, குறுக்குவாக்கில் ரசமட்டம் பார்த்து, ஸ்லீப்பருக்கு அடியில் குச்சியால் இடித்து இறுக்குங்கள். குறுக்கு மட்டம் நீளவாக்கு மட்டத்தைவிட முக்கியம். பாதை மெல்ல ஏறி இறங்கினால் வண்டி பொறுத்துக்கொள்ளும், ஒரு ஸ்லீப்பரில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்ந்தால் பொறுக்காது. எளிய சோதனை: மேல்பக்கம் தட்டையான ஒரு சரக்குப் பெட்டியில் சின்ன ரசமட்டத்தைக் குறுக்காக ஒட்டி, சுற்று முழுக்க மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். குமிழி துள்ளும் இடத்திலெல்லாம் ஜல்லியில் ஒரு கொடி நடுங்கள். பிறகு கொடி கொடியாகச் சரி செய்யலாம்.

7. எதில் ஓட்டுவது

தண்டவாள மின்சாரம் பழக்கமான முறை. கட்டுப்பாட்டுப் பெட்டியும் டிரான்ஸ்ஃபார்மரும் வீட்டுக்குள் அல்லது மழை படாத கூண்டில் இருக்க வேண்டும், வெளியே வருவது 24 வோல்ட்டுக்குள் குறைந்த மின்னழுத்தம் மட்டுமே. வீட்டு மின்சாரத்தை நீட்டித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் நினைப்பே வேண்டாம். மூல இணைப்பில் மின்கசிவு பிரேக்கர் இருக்கட்டும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியைத் தளத்துக்கு அடியில் ஓட்டி, 4 மீட்டருக்கு ஒரு தடவை தண்டவாளத்தோடு இணைத்தால் தூரத்தில் வேகம் குறையாது. பாதை சுழன்று தன்னையே வந்து சேரும் சுழல் வளைவு வைத்தால் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். அந்தப் பகுதியை இரு முனையிலும் பிளாஸ்டிக் இணைப்பால் பிரித்து, மின்முனை மாற்றும் கருவி போட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை பேட்டரியும் ரேடியோவும். 14.8 வோல்ட் லித்தியம் பேட்டரி, பக்கத்திலேயே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ரிசீவர். இஞ்சினுக்குள் இடம் இல்லையென்றால் பின்னால் ஒரு பெட்டியில். தண்டவாளம் தேய்க்கும் வேலை போயே போச்சு, கம்பி இழுக்க வேண்டாம், சுழல் வளைவுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். சார்ஜ் செய்வது மட்டும் கண் பார்வையில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில்.

நீராவிக்கு ஒன்றரை மீட்டர் மட்டமான ஒதுக்குப் பாதை வேண்டும், அங்கேதான் தண்ணீர் ஊற்றி, எரிவாயு ஏற்றி, பற்றவைப்பது. உயர்த்திய பாதையின் அருமை இதில்தான் முழுசாகத் தெரியும். சுடும் கொதிகலனை வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருப்பது சுகமான வேலை அல்ல. எரிவாயு ஏற்றும்போது அருகில் வேறு இஞ்சின் எரியக் கூடாது. கொதிகலனுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும். நீராவி இஞ்சின்கள் பலவற்றில் சக்கரங்களுக்கு நடுவே மின்காப்பு கிடையாது, மின்சாரம் ஓடும் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும்.

பாயிண்டுகளுக்கு மின்மோட்டார் வைப்பதற்கு முன் எறும்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். கதகதப்பான, காய்ந்த, இருட்டான சின்னப் பெட்டி அவற்றுக்கு நல்ல வீடு. கையெட்டும் தூரத்தில் பாயிண்ட் வைத்திருந்தால் கையால் திருப்பும் நெம்புகோலே போதும்.

8. செடிகள்

இதில் நான் அதிகம் பேசப் போவதில்லை, தோட்டக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ரயிலுக்கென்று ஒரே விதி இலையின் அளவு. 1:22.5-இல் 9 மீட்டர் மரம் 40 செ.மீ. உயரம், அதில் உள்ளங்கை அகல இலை இருந்தால் ரயில் பொம்மையாகிவிடும். தைம், செடம், குட்டை ரகப் புதர்கள், தரை படரும் சிற்றிலைச் செடிகள் பொருந்தும். வேர் ஓடும் செடியைத் தொட்டியோடு சேர்த்து இறக்குங்கள், வெறும் மண்ணில் விட்டால் ஜல்லிக்குள் புகுந்து பாதையைத் தூக்கும். வடிதுணிக்கு மேலே உரம் போட்ட மண் விழாமல் பார்த்துக்கொண்டால் களை பாதி குறையும்.

9. முதல் ஓட்டமும் அதற்கப்புறமும்

முதலில் இஞ்சின் இல்லாமல், உங்களிடமுள்ள மிக நீளமான, மிக அகலமான பெட்டியைக் கையால் தள்ளிச் சுற்று முழுக்கப் போங்கள். சுரங்க வாய், பாலக் கைப்பிடி, செடிக் கிளை எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். அடுத்து இஞ்சின் மட்டும், மெதுவாக, இரு திசையிலும். பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் கூட்டுங்கள். ஒரே இடத்தில் எல்லா வண்டியும் தடம்விட்டு இறங்கினால் கோளாறு பாதையில். ஒரே வண்டி எல்லா இடத்திலும் இறங்கினால் கோளாறு சக்கரத்தில். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தை வெர்னியரால் அளந்து மற்றப் பெட்டிகளோடு ஒப்பிடுங்கள்.

மின்சாரப் பாதையில் கெட்ட இணைப்பைக் கண்டுபிடிக்க அந்தி நேரம் வசதி. விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினால் சக்கரத்தடியில் எங்கே நீலப் பொறி பறக்கிறதோ அங்கே அழுக்கு அல்லது தளர்ந்த கிளாம்ப். கிளாம்ப் போடும்போது உள்ளே கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவியிருந்தால் இந்தத் தேடல் அடிக்கடி வராது.

மழைக்காலம் முடிந்ததும் டியூப் லெவலை மறுபடியும் எடுங்கள். எல்லாத் தூணையும் சோதித்து, இறங்கியதை நீளத் துளையில் ஏற்றி இறுக்குங்கள். முதல் வருடம் ஏதாவது ஒன்று நிச்சயம் இறங்கியிருக்கும், இரண்டாம் வருடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். ஜல்லி கரைந்த இடத்தில் புதிது சேருங்கள். வண்டிகளைத் தளத்தில் விட்டுவைக்காமல் உள்ளே எடுத்துவைப்பது நல்லது, பிளாஸ்டிக் உடல் வெயிலில் வெளுத்து நொறுங்கும். நாள் கணக்கில் ஓட்டாமல் விட வேண்டியிருந்தால் லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றியும் வைக்காமல் காலியாகவும் விடாமல் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள்.